வேகத்தை எழுதுதல்: ஓட்டுபவரின் உடலும் எண்களின் சாட்சியமும்

1

நண்பர் ஒருவர் கணினியில் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு பந்தயத்தடம். சொந்தக் காரை எடுத்துக்கொண்டுபோய், கட்டணம் கட்டி, விடுமுறை நாளில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஒருவர், காருக்குள் கேமராவைப் பொருத்தி எடுத்தது. தடம் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தின் கீழ்ப்பகுதியில் வேகம் ஓர் எண்ணாக, எஞ்சினின் சுழற்சி ஒரு வட்டமாக, ஆக்சிலேட்டர் பச்சைப் பட்டையாக, பிரேக் சிவப்புப் பட்டையாக ஏறி இறங்குகின்றன. ஓரத்தில் தடத்தின் சிறு வரைபடம், அதில் நகரும் ஒரு புள்ளி. 'பாத்தீங்களா, இந்த வளைவுல சீக்கிரமே பிரேக்கைத் தொட்டுட்டாரு' என்றார் நண்பர். ஆமாம் என்றேன். நான் பார்த்தது வளைவை அல்ல, சிவப்புப் பட்டையை என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. படம் முடிந்தபோது யோசித்துப் பார்த்தால், பாதி நேரம் நான் சாலையையே பார்க்கவில்லை.

சின்ன விஷயம்தான். ஆனால் விட முடியவில்லை. ஒரு காட்சியின்மேல் எண்ணை ஏற்றியவுடன் அது ஆதாரமாக மாறிவிடுகிறது. 'அவர் சீக்கிரம் பிரேக் போட்டார்' என்பது கருத்தாக இருந்தது; இப்போது உண்மையாகிவிட்டது. ஓட்டியவர் வந்து 'இல்லீங்க, அந்த இடத்துல ரோடு ஈரமா இருந்துச்சு' என்று சொன்னால், அவர் பேச்சு பட்டைக்கு முன்னால் சாக்காகத்தான் ஒலிக்கும். எண்ணை ஏற்றுபவர் யார்? யாருடைய உடலின்மீது ஏற்றுகிறார்? யார் படிப்பதற்காக? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பழக்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கி வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கார்ப்பந்தயம் காசுள்ளவன் விளையாட்டு, அதில் நமக்கென்ன என்று கேட்கிற தோழர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கொஞ்சம் பொறுங்கள், லாரிக்காரரும் வருவார்.

2

காட்சியின்மேல் அளவை ஏற்றும் பழக்கம் மோட்டார் காரைவிட மூத்தது. ஃபிரெஞ்சு உடலியலாளர் எத்தியன்-ஜூல் மாரே (1830–1904) நாடித்துடிப்பையும் குதிரையின் குளம்படியையும் கோடுகளாக வரையச்செய்யும் கருவிகளை உருவாக்கியவர். பார்ப்பவரின் கண்ணும் நினைவும் ஏமாற்றும், எனவே உடல் தன்னைத் தானே எழுத வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1878இல் வரைபட முறை பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். 1882இல் துப்பாக்கி வடிவக் கேமரா ஒன்றைச் செய்து, நொடிக்கு 12 படங்கள் வீதம் பறவைகளைச் 'சுட்டார்'. பிறகு ஒரே தகட்டில் மனித ஓட்டத்தின் அடுத்தடுத்த நிலைகளைப் பதிக்க முயன்றபோது, சட்டகத்துக்குள் ஒரு கடிகார முகப்பையும் வைத்தார். படத்துக்குள் நேரம் நுழைந்தது இப்படித்தான்.

இன்னொன்றையும் செய்தார். ஓடுபவரின் கைகால்கள் தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பியதால், அவருக்குத் தலைமுதல் கால்வரை கறுப்பு உடை போர்த்தி, கைகால்களின் நெடுகே வெள்ளைக் கோடுகளையும் மூட்டுகளில் புள்ளிகளையும் பொருத்தி, கறுப்புப் பின்னணியில் ஓடவிட்டார். தகட்டில் மனிதர் மறைந்துபோனார். கோடுகள் மட்டும் ஓடின. அளவை தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஆள் மறைய வேண்டும். மாரே கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. அறிவியலின் தேவைக்காகச் செய்தார். ஆனாலும் அந்தக் கறுப்பு உடையை நாம் மறந்துவிடக் கூடாது.

அந்த உடை தொழிற்சாலைக்குள் வந்தபோது கதை மாறியது. அமெரிக்காவில் டெய்லர் நிறுத்துக்கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தொழிலாளியின் பின்னால் நின்றார். அவருடைய 'அறிவியல் மேலாண்மை' நூல் வெளிவந்த அதே 1911இல், ஆகஸ்ட் மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் அந்தக் கடிகாரத்துக்கு எதிராக வெளிநடப்புச் செய்தார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1915இல் அரசுத் தளவாட ஆலைகளில் நிறுத்துக்கடிகாரத்துக்குப் பணம் செலவிடக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்தத் தடை 1949வரை நீடித்தது. கடிகாரத்துக்கு எதிராகக்கூட வேலைநிறுத்தம் செய்யலாம், ஜெயிக்கவும் செய்யலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

செங்கல் அடுக்கும் கொத்தனாராகத் தொழிலைத் தொடங்கிய ஃபிராங்க் கில்பிரெத், மனைவி லில்லியனோடு சேர்ந்து வேறு வழி கண்டார். 1912இல் ராட் ஐலண்டின் ப்ராவிடன்ஸ் நகரிலிருந்த நியூ இங்கிலாந்து பட் கம்பெனியில் தொழிலாளர்களைத் திரைப்படம் எடுத்தார். சட்டகத்துக்குள் வேகமாகச் சுற்றும் கடிகாரம்; பின்சுவரில் கட்டங்கள். அடுத்து, தொழிலாளியின் விரலில் சிறு மின்விளக்கைக் கட்டி, கேமராவின் கண்ணை நீண்டநேரம் திறந்துவைத்து எடுத்தார். கையின் பாதை ஒளிக்கோடாகப் பதிந்தது. மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சியபோது அந்தக் கோடு துண்டுதுண்டாக உடைந்தது. துண்டின் நீளத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட முடிந்தது. இடமும் வேகமும் ஒரே படத்தில். பந்தயத்தடத்தின் வரைபடத்தில் நகர்கிற அந்தப் புள்ளியின் பாட்டன் இந்த விளக்குத்தான் என்பது என் வாசிப்பு. மேஸ்திரியின் கையில் கடிகாரம் இருந்தபோது அவரோடு சண்டை போட முடிந்தது. கடிகாரம் படத்துக்குள் போனபின் யாரோடு சண்டை போடுவது?

3

பந்தயத்துக்கு வருவோம். ஓட்டுபவர் தடத்தைச் சுற்றிவிட்டு வந்து, 'இந்த வளைவுல பின்பக்கம் வழுக்குது' என்று சொல்வார். பொறியாளர் கேட்டுக்கொண்டு ஸ்பிரிங்கை மாற்றுவார். நெடுங்காலம் பந்தயக் கார் இப்படி, ஓட்டுபவரின் சொல்லை நம்பித்தான் திருத்தப்பட்டது. முதுகுத்தண்டும் உள்ளங்கையும்தான் அளவுகோல். 1980களில் மின்னணுக் கருவிகள் காருக்குள் புகுந்தன. ஹோண்டா போன்ற எஞ்சின் தயாரிப்பாளர்கள் சுழற்சியையும் வெப்பத்தையும் பதிவுசெய்து, வானொலி அலையில் தடத்தோரப் பட்டறைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். டெலிமெட்ரி என்றால் தொலைவிலிருந்து அளத்தல். காருக்குள்ளேயே பதிந்துகிடப்பது வெறும் பதிவு. வேறிடத்துக்குப் போய்ச்சேர்ந்தால்தான் டெலிமெட்ரி. இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன். அளவு எங்கே போய்ச்சேர்கிறதோ அங்கேதான் அதிகாரமும் போய்ச்சேர்கிறது. 2002இல் ஃபார்முலா ஒன்னில் பட்டறையிலிருந்தே காரின் அமைப்பை மாற்றும் இருவழி டெலிமெட்ரி அனுமதிக்கப்பட்டு, 2003இல் தடைசெய்யப்பட்டது. ஓட்டுவது யார் என்ற கேள்வி விளையாட்டின் விதிப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது!

காட்சி தனி வழியில் வந்துகொண்டிருந்தது. 1985 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ரெனோ அணி மூன்றாவதாக ஒரு காரை இறக்கியது. ஃபிரான்சுவா எனோ ஓட்டிய அந்தக் காரில் நேரடி ஒளிபரப்புக் கேமரா இருந்தது. ஃபார்முலா ஒன் பந்தயத்தின் நடுவே, ஓடும் காருக்குள்ளிருந்து நேரடிக் காட்சி வந்தது அப்போதுதான். கிளட்ச் கெட்டு அவர் சீக்கிரமே நின்றுவிட்டார். கேமரா நிற்கவில்லை.

எண்ணும் காட்சியும் சாதாரண ஆட்களின் கைக்கு வந்தது வேறு காரணங்களால். புகையைக் கட்டுப்படுத்துவதற்காக, 1996ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி.-2 என்ற சோதனைச் செருகி கட்டாயமானது. மெக்கானிக்குக்காக வைத்த அந்தத் துளை வழியாக யார் வேண்டுமானாலும் எஞ்சினின் பேச்சைக் கேட்கலாம். அடுத்து ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழையான இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. 2000ஆம் ஆண்டு மே முதல் தேதி இரவு, அந்தச் செயற்கைப் பிழையை நிறுத்தினார்கள். நூறு மீட்டர்வரை தவறிய இடம் பத்திருபது மீட்டருக்குள் வந்தது. அதற்கப்புறம் தீப்பெட்டி அளவுக் கேமராக்கள், கைப்பேசிகள், இரண்டையும் ஒட்டவைக்கும் மென்பொருள்கள். ஒரு ஃபார்முலா ஒன் அணியிடம் மட்டும் இருந்த கண்ணாடி, வாரக்கடைசி ஓட்டுநர் கைக்கு வந்தது. இதை நான் ஜனநாயகப்படுத்தல் என்றே சொல்வேன், நக்கலாகச் சொல்லவில்லை. தன் தவறைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள ஒருவருக்குக் கிடைத்த கருவி அது.

ஆனால் ஒட்டவைக்கும் இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. கேமராவுக்கு ஒரு கடிகாரம், பதிவுக்கருவிக்கு ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே நொடியில் தொடங்குவதில்லை. ஒரே வேகத்தில் ஓடுவதுமில்லை. கேமரா நொடிக்கு 25, 30 அல்லது 60 சட்டகங்கள் எடுக்கும். ஜி.பி.எஸ். சிலவற்றில் நொடிக்கு ஒருமுறை, சிலவற்றில் பத்துமுறை. நடுவில் இருக்கும் இடைவெளியை மென்பொருள் தானே ஊகித்துக் கோடு போட்டு நிரப்புகிறது. அதனால் படத்தையும் எண்ணையும் பொருத்துபவர் ஓர் அடையாளத்தைத் தேடுகிறார்: கார் அசைந்து கிளம்பும் கணம், தடத்தின் விளிம்புக்கல்லில் ஏறிக் குலுங்கும் கணம். அதைப் பிடித்து, எண்ணை முன்னும் பின்னுமாக நகர்த்தி, 'ஆங், இங்கதான்' என்று நிறுத்துகிறார். நண்பரும் அப்படித்தான் செய்துகாட்டினார். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் போகிறது. ஐந்தில் ஒரு நொடி பிசகினால் 11 மீட்டர். 'சீக்கிரமே பிரேக்கைத் தொட்டுட்டாரு' என்ற தீர்ப்பு முழுவதும் அந்த 11 மீட்டருக்குள் அடங்கிவிடலாம்.

அதாவது எண்ணில் பொய் இல்லை, படத்திலும் பொய் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்த தையலில் ஒரு கை இருக்கிறது. ஆனால் திரையில் அந்தக் கை தெரிவதில்லை.

4

ஒரே மனிதரின் எண்கள் இரண்டு விதமாக வாசிக்கப்பட்ட கதை ஒன்று உண்டு. பிரேசில்காரர் அயர்டன் சென்னா 1989இல் ஜப்பானின் சுசூகா தடத்தில், தகுதிச்சுற்றில், ஒரு நிமிடம் 38.041 நொடியில் தடத்தைச் சுற்றினார். அதே அணியில் அதே வகைக் காரில் ஓட்டிய அலன் ப்ரோஸ்ட் இரண்டாவது வந்தார். இடைவெளி ஏறத்தாழ ஒன்றே முக்கால் நொடி. ஹோண்டாவிடம் அந்தச் சுற்றின் டெலிமெட்ரி இருந்தது. 2013இல், சென்னா இறந்து 19 ஆண்டுகள் கழித்து, ஹோண்டா ஒரு வேலை செய்தது. சுசூகா தடத்தின் நெடுகே ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் வைத்து, பழைய எண்களிலிருந்து எஞ்சினின் சத்தத்தை மீட்டுருவாக்கி, இரவில் ஓடவிட்டது. இருட்டில் சத்தம் வளைவுகளில் திரும்புகிறது; கியர் மாறுகிறது; ஒளி பாய்கிறது. கார் இல்லை. ஆள் இல்லை. மாரேயின் கறுப்பு உடை முழுமையடைந்தது இங்கேதான். அது விளம்பரம்; 2014இல் கான் விளம்பர விழாவில் பெரிய விருதும் வாங்கியது. அதன் படப்பதிவைப் பார்த்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு வாசிப்பு நீதிமன்றத்தில் நடந்தது. 1994 மே 1. இத்தாலியின் இமோலா தடத்தில் தம்புரெல்லோ என்ற வளைவில் சென்னாவின் கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. டெலிமெட்ரியின்படி தடத்தை விட்டு விலகும்போது வேகம் மணிக்கு 309 கிலோமீட்டர். பிரேக்கை அழுத்தி 211 வரை குறைத்திருக்கிறார். அதாவது கடைசிக் கணம்வரை அந்த உடல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. காரில் கேமராவும் இருந்தது. ஆனால் ஒளிபரப்பில் மோதலுக்குச் சற்று முன் வேறொரு காரின் காட்சிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வெட்டு தற்செயலா என்பதே விசாரணையில் கேள்வியானது.

ஓட்டும் இடம் நெருக்கமாக இருக்கிறது என்று சென்னா சொன்னதால், ஸ்டீயரிங் தண்டை வெட்டி, விட்டம் குறைந்த குழாயை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அந்தத் தண்டு உடைந்து கிடந்தது. மோதலுக்கு முன் உடைந்ததா, மோதியதால் உடைந்ததா? 1997இல் தொடங்கிய வழக்கின் மையம் இதுதான். போலோக்னாவைச் சேர்ந்த சினெக்கா கணினி மையம் காருக்குள்ளிருந்த காட்சியைச் சட்டகம் சட்டகமாக அளந்தது. ஸ்டீயரிங் சக்கரத்தின் ஒரு பொத்தான், வட்டத்தில் போகவேண்டியது, வழி தவறிப் போகிறதா என்று பார்த்தது. ஓட்டுநர் மிக்கேலே அல்போரெட்டோ, ஸ்டீயரிங் அத்தனை தூரம் அசையாது என்றார். சென்னாவின் அணியில் ஓட்டிய டேவிட் கூல்தார்டு, அந்த அசைவு இயல்பானதுதான் என்றார். அணியின் தரப்போ தங்களிடமிருந்த எண்களைக் காட்டி, காரின் பின்பக்கம் வழுக்கியது, அதற்கு ஓட்டுநர் எதிர்வினை காட்டினார், எனவே தண்டு உடைந்திருக்கவில்லை என்று வாதிட்டது.

ஒரே படம், ஒரே எண்கள், இரண்டு கதையாடல்கள். அந்த வேகத்தில், நொடிக்கு 25 சட்டகம் என்று வைத்தால், இரண்டு சட்டகங்களுக்கு நடுவே கார் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் போய்விடுகிறது. அந்த மூன்றரை மீட்டருக்குள் கேமரா எதையும் பார்க்கவில்லை. 1997 டிசம்பரில் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். மேல்முறையீடுகள் பத்தாண்டுகள் இழுத்தன. 2007 ஏப்ரலில் இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தண்டு உடைந்ததே காரணம், மோசமாக வடிவமைக்கப்பட்டுச் செய்யப்பட்ட மாற்றமே அதன் மூலம், பொறுப்பு அணியின் தொழில்நுட்ப இயக்குநர் பாட்ரிக் ஹெட்டுடையது என்றது. ஆனால் காலவரம்பு கடந்துவிட்டதால் தண்டனை இல்லை. நொடியின் பின்னங்களை அளந்த வழக்கு காலம் கடந்துவிட்டதால் முடிந்தது!

ஒரு நாள் முன்னதாக, ஏப்ரல் 30 அன்று, அதே தடத்தில் ரோலண்ட் ராட்சென்பர்கர் என்ற ஆஸ்திரிய ஓட்டுநர் தகுதிச்சுற்றில் இறந்தார். காசில்லாத சிறிய அணி, புதிய ஆள். ஒளியும் ஒலியுமாக மீட்டெடுக்கப்பட்டது நட்சத்திரத்தின் எண்கள்தான். எந்த எண் ஞாபகமாகிறது, எந்த எண் குப்பையாகிறது என்பதிலும் வர்க்கம் இருக்கிறது.

5

இப்போது லாரிக்காரர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது: சரக்கு வண்டிகளில் டாக்கோகிராஃப் கட்டாயம். வட்டக் காகிதத் தகட்டில் வண்டியின் வேகத்தையும் ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் முள் கீறிக்கொண்டே வரும் கருவி. மாரேயின் நேரடி வாரிசு. பிரிட்டிஷ் லாரி ஓட்டுநர்கள் இதை 'வண்டிக்குள் ஒற்றன்' என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். பிரிட்டன் கட்டாயமாக்காமல் இழுத்தடித்தது. 1979 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

'ஒற்றன்' என்று சொல்லி இங்கேயே முடித்துவிடலாம். ஃபூக்கோவை (1975) ஒருமுறை கூப்பிட்டுக் கண்காணிப்பு என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அது பாதி உண்மை. அதே காகிதத் தகடு, முதலாளி தூங்கவிடாமல் ஓட்டச்சொன்னதற்கும் சாட்சி. தினசரி ஓட்டும் நேரத்துக்கு உச்சவரம்பு வைத்த சட்டத்துக்கு அந்தக் கீறல்தான் பல். தகடு ஓட்டுநரின் கையில் இருந்தால் கவசம். முதலாளியின் மேஜையில் மட்டும் இருந்தால் குற்றப்பத்திரிகை. தகடு என்னவோ ஒன்றுதான்.

2021இல் அமெரிக்காவில் அமேசானின் சரக்குகளை வீடுவீடாகக் கொண்டுபோகும் வண்டிகளில் நெட்ராடைன் நிறுவனத்தின் நான்கு கண் கேமராக்கள் வந்தன. சாலையை மட்டுமல்ல, ஓட்டுபவரின் முகத்தையும் அவை பார்க்கின்றன. வேகம், பிரேக், பார்வை எங்கே திரும்பியது, கொட்டாவி விட்டாரா, பெல்ட் போட்டாரா என எல்லாம் காட்சியோடு சேர்த்து எண்ணாகிறது. ஒப்பந்த நிறுவனங்களின் ஓட்டுநர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மறுத்தால் வேலை போகும் என்ற நிலை. தொழில்நுட்பமாகப் பார்த்தால், வாரக்கடைசி ஓட்டுநரின் படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் கேமரா, ஜி.பி.எஸ்., முடுக்கமானி. அவர் காசு கொடுத்துத் தன் எண்களை வாங்குகிறார். இவர் தன் எண்களைக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். அவர் இரவில் உட்கார்ந்து படத்தைப் பின்னோக்கி ஓட்டி, எண்ணை நகர்த்தி, 'இங்கதான்' என்று நிறுத்தலாம். இவருடைய தையலை வேறு யாரோ போடுகிறார்கள்.

இதை எதிர்த்து வாட்டர்டவுன் மாதிரி வெளிநடப்பு மட்டும்தான் வழியா? வேறொரு முயற்சியும் நடந்திருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலர், சங்கத்தின் துணையோடு, ஊபர் மீதும் நம் நாட்டு நிறுவனமான ஓலா மீதும் ஆம்ஸ்டர்டாமில் வழக்குப் போட்டார்கள். 'எங்களைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எண்களை எங்களிடம் கொடுங்கள். எந்தக் கணக்கின்படி எங்களைத் தண்டிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்' என்பதுதான் கோரிக்கை. 2021இல் கீழ்நீதிமன்றத்தில் கொஞ்சம் கிடைத்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான விஷயங்களில் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடிகாரத்தை உடைக்கச் சொல்லவில்லை அவர்கள். கடிகாரத்தைத் தங்கள் பக்கமும் திருப்பச் சொன்னார்கள்.

6

எண்ணே வேண்டாம், அனுபவமே உண்மை என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தம்புரெல்லோவில் அந்த மனிதர் கடைசிவரை பிரேக்கை அழுத்தினார் என்பதை நமக்குச் சொன்னது எண்தான். இறந்தவரின் தவறு என்று எளிதாக மூடியிருக்கக்கூடிய கோப்பைப் பதின்மூன்று ஆண்டுகள் திறந்தே வைத்திருந்ததில் எண்ணுக்கும் படத்துக்கும் பங்குண்டு. ஆனால் எண் தானாகப் பேசுவதில்லை. யாரோ அதைப் படத்தின்மேல் வைத்து, இந்தக் கணத்துக்கு இந்த எண் என்று முடிச்சுப் போடுகிறார்கள். அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும் உரிமை, அந்த எண்ணை உண்டாக்கிய உடலுக்கு இருக்கிறதா? நமது கேள்வி இதுவாகத்தான் இருக்க முடியும்.

நண்பரிடம் அந்தப் படத்தை இன்னொரு முறை போடச் சொன்னேன். எண்களை எடுத்துவிட்டு. சாலை திரும்பி வந்தது. வளைவில் நிழல் விழுந்திருந்தது. இடப்பக்கம் ஈரமாக ஒரு திட்டு. 'அட, இதைக் கவனிக்கவே இல்லையே' என்றார் அவர். பிறகு எண்களை மறுபடியும் ஏற்றிப் பார்த்தோம். சிவப்புப் பட்டை அதே இடத்தில்தான் ஏறியது. ஆனால் இப்போது எங்களால் அதை வேறு மாதிரி படிக்க முடிந்தது.